ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம்: பெருமைப்பட என்ன இருக்கிறது?

நாணயச்செல்வன்:
1799 மே 4 அன்று மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைப் பிடித்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட பதக்கத்தை "அடிமைச் சின்னம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஏற்கவில்லை. அதைப் பெற்றவர்களில் சென்னைப் படையின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களும் உண்டு. உச்சிவெயிலில் காவிரியைக் கடந்து இடிந்த மதில்மேல் ஏறிய படையில் அவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வீரத்தை மறுக்க நாம் யார்?

வேலூர்வாசி:
வீரத்தை யார் மறுத்தது? பதக்கத்தையே பாருங்கள் ஐயா. ஒரு பக்கத்தில் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. புலி திப்புவின் சின்னம். தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கேப்டன்களுக்கு வெள்ளி, அதற்கும் கீழே வெண்கலம். சிப்பாய்க்கு வெள்ளீயம்! கோட்டையில் கொள்ளையடித்துப் பங்கிட்ட பணத்திலும் இதே கதைதான். படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஹாரிஸுக்குச் சுமார் 1,43,000 பவுண்டு, சிப்பாய்க்கு ஐந்து பவுண்டு அளவில்.

நாணயச்செல்வன்:
வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் அதே வெள்ளீயம்தான் கிடைத்தது. இது பதவி பார்த்துச் செய்த பாகுபாடு, நிறம் பார்த்து அல்ல.

வேலூர்வாசி:
பதக்கத்தில் சரி. பணத்தில் அவனுக்கு ஏழு பவுண்டு, நம்மவருக்கு ஐந்து. ஏழே ஆண்டில் என்ன நடந்தது? தாடி வைக்காதே, நெற்றியில் குறி இடாதே, தோல் பட்டை வைத்த தலைப்பாகை அணி என்று அதே சென்னைப் படைக்கு உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள், திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். நான் பெருமைப்படுவது அவர்களை நினைத்துத்தான்.

கொங்குமணி:
இருவருமே மதிலுக்கு வெளியே நின்ற தமிழர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். திப்புவுக்குத் துணைநின்ற கொங்குப் படையினரும் தமிழர்கள்தாமே? அவர்களில் ஒருவரான தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பக்கம் போரிட்டவனுக்கு வெள்ளீயம்கூடக் கிடையாது. அதற்காகத் திப்புவைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. மைசூர்ப் படைகளின் நடமாட்டத்தால் எங்கள் பகுதி பட்ட பாடு கொஞ்சமல்ல.

நாணயச்செல்வன்:
சின்னமலையை நான் மறக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்காகக் கம்பெனிப் படையில் சேர்ந்த ஏழையைத் துரோகி என்பது அநியாயம். அவன் பதக்கம் கண்காட்சியில் இருக்கட்டும்.

கொங்குமணி:
தாராளமாக இருக்கட்டும். பக்கத்திலேயே யாருக்கு என்ன உலோகம், யாருக்கு எத்தனை பவுண்டு என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். "வீரப் பதக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் எதிர்ப்பேன்.