மறு: கடல் பச்சையாகும் நிகழ்வுக்கு ஒரு கலைச்சொல்

கலைச்சொல் குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

நுண்ணுயிர்கள் நீரில் திடீரெனப் பெருகி அதன் நிறத்தையே மாற்றிவிடும் நிகழ்வுக்குப் பாசிப் பெருக்கம், பாசிப்பூப்பு, செவ்வோதம், கழிவுப்பாசி என்று இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன. இராமநாதபுரம் கடற்கரையில் நின்று சொல்லிப் பார்த்தால் நான்கில் ஒன்றும் அப்படியே தேறாது என்பது என் கருத்து. பாடநூலுக்கு மட்டும் என்றால் எதை வேண்டுமானாலும் ஏற்கலாம். ஆனால் மீன்வளத் துறையின் அறிவிப்பிலும் ஊராட்சி அலுவலகத்துப் பலகையிலும் எழுதப்பட வேண்டிய சொல் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'பாசி'. மண்டபம், பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி ஆகிய ஊர்களில் பாசி என்றால், பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தீவோரப் பாறைகளில் முக்குளித்துப் பறித்து, கரையில் உலர்த்தி, எடை போட்டு விற்கும் கடற்பாசியையே குறிக்கும். அதிலும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வளர்ப்புக்கென்று வந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியைக் கூட, அதை இங்கே வணிக அளவில் வளர்க்கச் செய்த நிறுவனத்தின் பெயரால் 'பெப்சி பாசி' ஆக்கிவிட்டார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் நம் குழுவைவிட அவர்களுக்கு வேகம் அதிகம். இவர்களிடம் 'கடலில் பாசிப் பெருக்கம் ஏற்பட்டுள்ளது' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால், அது எச்சரிக்கையாக அல்ல, நற்செய்தியாகவே காதில் விழும்.

அறிவியல் நோக்கிலும் 'பாசி' இங்கே இடறுகிறது. இக்கடலைப் பச்சையாக்கும் நாக்டிலூக்கா சின்டிலன்ஸ் ஒரு சுழல்கசையுயிரி, அதாவது கசை போன்ற இழை கொண்ட ஓரணு உயிர். அது பிற நுண்ணுயிர்களை விழுங்கி வாழ்வது. அதன் பச்சை நிறம்கூட உடலுக்குள் குடியிருக்கும் வேறொரு நுண்ணுயிருக்கு உரியது. நீரை மொண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால், நனைந்த ரவை போல் தனித்தனி மணிகளாக வெறுங்கண்ணுக்கே தென்படும். கடல்மேல் பழுப்புத் தூளாகப் படரும் டிரைக்கோடெஸ்மியமோ பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. இரண்டையும் பாசி என்ற ஒரே கொட்டடியில் அடைப்பதால் மாணவர்க்குக் குழப்பமே மிஞ்சும்.

'செவ்வோதம்' செவிக்கு இனிய சொல்தான். ஓதம் என்பது கடல் ஏற்றவற்றத்தைக் குறிக்கும். இந்நிகழ்வுக்கும் ஏற்றவற்றத்துக்கும் தொடர்பில்லை. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் மன்னார் வளைகுடாவில் நாம் கண்ட நிறமும் சிவப்பன்று, பச்சை. பச்சைக் கடலைக் காட்டிச் செவ்வோதம் என்றால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்.

'கழிவுப்பாசி' என்று எழுதிய நண்பரின் சினம் எனக்குப் புரிகிறது. சாக்கடை நீரும் இறால் பண்ணைக் கழிவும் வயல்களிலிருந்து வடியும் உரமும் நைட்ரசனையும் பாஸ்பரசையும் கொண்டுவந்து சேர்த்தால் இத்தகைய பெருக்கத்துக்கு வழி பிறக்கும் என்பது மெய்யே. எனினும் ஆழத்து நீர் மேலெழுவதாலும், பருவக்காற்று நீரைக் கலக்கிவிடுவதாலும், மனிதர் கை படாமலேயே இது நிகழ்வதுண்டு. ஒவ்வொரு முறையும் காரணத்தை ஆய்ந்துதான் சொல்ல முடியும். ஆய்வுக்கு முன்பே பெயர் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. கழிவை விடுவோர் 'இம்முறை கழிவு காரணமன்று' என்று தப்பித்துக்கொள்ளவும் அது வழிவிடும்.

மீதமிருப்பது 'பூப்பு'. 'புளூம்' (bloom) என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த செயற்கைச் சொல் இது என்றும், அழிவைக் குறிக்க அழகிய சொல் எதற்கு என்றும் பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். பூத்தல் என்ற வினை தமிழில் மலர்ச்சிக்கு மட்டும் உரியதன்று. சுவரில் உப்புப் பூக்கிறது. ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. நெருப்பில் நீறு பூக்கிறது. வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறது. ஒரு பரப்பின்மேல் வேண்டாத ஒன்று மெல்லப் படிந்து மூடுவதை இந்த வினை காலங்காலமாகச் சொல்லி வருகிறது; நமக்கு வேண்டியதும் அந்தப் பொருளே. ஆனால் 'பூப்பு' என்று பெயராக்கினால் பெண் பருவமெய்துதலே முதலில் நினைவுக்கு வரும். ஆகவே தொழிற்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பொதுச்சொல்லாக 'நீர் பூத்தல்' என்று முன்மொழிகிறேன். கடல் பூத்தல், ஏரி பூத்தல், ஊருணி பூத்தல் என்று இடத்துக்கேற்ப மாற்றியும் வழங்கலாம். எழுவாய்த் தொடராகையால் இடையில் வல்லினம் மிகாது. 'நீர்ப்பூத்தல்' என்று எழுத வேண்டியதில்லை.

நாக்டிலூக்காவுக்கு நாம் சொல் தேடவே வேண்டாம். இக்கடற்கரையில் அதற்குப் 'பூங்கோரை' என்ற பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. நாளிதழ்களும் அதை எடுத்தாண்டுள்ளன. கட்டக்கோரை என்று ஒரு கடற்பாசி இங்கே இருப்பதைப் பார்க்கும்போது, பூங்கோரையும் இம்மண்ணின் பெயரிடும் முறைக்குள் இயல்பாகப் பொருந்துகிறது. பூவும் அதிலேயே இருக்கிறது என்பதைப் பேராசிரியர் ஐயா கவனிக்க வேண்டும்.

சென்னை அம்மையார் 'நச்சு' என்ற அடைமொழியைச் சேர்க்கச் சொன்னார். இதில்தான் பொதுநலத்தைக் கருதி நாம் கவனமாக இருக்க வேண்டும். பூங்கோரை நஞ்சு சுரப்பதாக அறியப்படவில்லை. அது தன்னுள் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கிறது. கூட்டமாக மடிந்து அழுகும்போது பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிசனைத் தின்று தீர்க்கின்றன. கரைந்த ஆக்சிசன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் மூச்சுத் திணறும். நீந்தித் தப்பக் கூடியவை தப்பும். பவளத்தால் நகர முடியாது. 2019இல் மண்டபத்தை அடுத்த சிங்கில் தீவைச் சுற்றிப் பவளங்கள் மடிந்தது இவ்வாறுதான். இதை 'நச்சுப் பூத்தல்' என்று அறிவித்தால், ஆழ்கடலில் பிடித்து வந்த மீனும் அன்று ஏலக்கூடத்தில் விலை போகாது.

மறுபுறம், நஞ்சு சுரப்பவையும் உள்ளன. சிலவகைச் சுழல்கசையுயிரிகளின் நஞ்சு சிப்பி, மட்டிகளில் சேரும். சமைத்தாலும் அது நீங்காது. நன்னீரில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாக்டீரியா பூத்தால் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு உருவாகலாம். குடிநீரில் அந்நஞ்சின் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின்–எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் நெடுங்காலம் இருக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு அளவு. கொதிக்க வைத்தால் இந்நஞ்சு அழிவதில்லை. உயிரணுக்கள் உடைந்து நஞ்சு நீரில் கூடுதலாகக் கலக்கவும் கூடும். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மாவட்டத்தில், 'காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகும்' என்ற நம்பிக்கையை இந்த ஒன்றுக்காவது கைவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே பொதுவாகத் தீமை விளைவிப்பவற்றைக் 'கேடுதரு பூத்தல்' என்றும், நஞ்சு உறுதியானவற்றை மட்டும் 'நச்சுப் பூத்தல்' என்றும் பிரிக்கலாம். பூத்தவை மடிந்து ஆக்சிசன் குறையும் கட்டத்துக்கு 'அழுகுநிலை' போதும். நீரில் ஊட்டப்பொருள் மிகுவதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம். ஊட்டப்பொருள் மிகுதலையும் நீர் பூத்தலையும் கலந்ததால்தான் போன வாரம் விவாதம் திசை மாறியது.

அறிவிப்புப் பலகைக்குச் சொற்கள் எப்படி அமைகின்றன என்று பார்க்க ஒரு மாதிரி:

'இப்பகுதியில் கடல் பூத்துள்ளது. காரணம் பூங்கோரை, நச்சுப் பூத்தல் அன்று. அழுகுநிலை தொடங்கியுள்ளதால் கரையில் ஒதுங்கும் மீன்களை எடுக்கவோ உண்ணவோ வேண்டாம். நீர் தெளியும் வரை குளிப்பதைத் தவிர்க்கவும். ஆழ்கடலில் பிடித்து வரப்படும் மீன்களுக்கு இவ்வறிவிப்புப் பொருந்தாது.'

இதில் 'அழுகுநிலை' மட்டும் விளக்கமின்றிப் புரியுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கடற்கரை ஊர்களில் இருப்போர் இதை வீட்டிலும் படகுத்துறையிலும் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் கேட்பவர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று எழுதுங்கள்.