'ஒட்டுண்ணி மின்வடிப்பு' வேண்டாம், 'கிடப்புக் குடிப்பு' எப்படி?

அன்பு நண்பர்களுக்கு,

வண்டியை அணைத்து நிறுத்திய பிறகும் ஏதோ ஒரு கருவி பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதை ஆங்கிலத்தில் பாரசிட்டிக் டிரெய்ன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஒட்டுண்ணி மின்வடிப்பு' என்ற சொல் நேற்று முன்வைக்கப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தை எங்கள் வீட்டு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

என் மச்சான் ஒரு வேனுக்குள் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கினார். ஐப்பசி மழை பிடித்ததும் அதை நீடாமங்கலம் பக்கம் எங்கள் கொட்டகையில் நிறுத்தினோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனார். தை அறுவடைக்குக் கொட்டகையைத் திறந்தபோது, வீட்டுப் பகுதிக்கான 100 ஆம்பியர்-மணி பேட்டரி செத்துக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "எங்கேயோ கரண்ட் குடிக்குது."

வேறொரு பேட்டரியை வைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோர்த்தார். 85 மில்லி ஆம்பியர். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் பத்துதான் குறைந்தது. மிச்சத்தைக் குடித்தது, கேஸ் கசிந்தால் அலறும் அலாரம். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது விழித்திருக்கட்டும் என்று பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 85 மில்லி ஆம்பியர் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்குச் சுமார் 2 ஆம்பியர்-மணி. 50 நாளில் பேட்டரி காலி. காலியான ஈய பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் இறுகி, அப்புறம் சார்ஜ் ஏறாது.

இந்த அலாரத்தை ஒட்டுண்ணி என்பது நியாயமா? உயிரைக் காக்க வைத்த கருவி அது. கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் அப்படித்தான், வண்டியின் உறுப்புகள். அதற்குப் பதிலாக 'மின்கசிவு' என்றால் 'மின்கசிவால் தீ விபத்து' என்று செய்தித்தாளில் படித்ததுதான் நினைவுக்கு வரும். 'பேட்டரிக் கசிவு' என்றாலோ ஆசிட் ஒழுகுவதாக நினைப்பார்கள்.

இன்னொன்றையும் பிரித்தாக வேண்டும். எந்த ஒயரும் இல்லாமல் சும்மா வைத்தாலும் பேட்டரி தானாக இறங்கும். வெயில் கூடக் கூட வேகமாக இறங்கும். வயலில் தண்ணீர் வெயிலுக்கு வற்றுவது வேறு, வரப்பில் நண்டு வளை வழியே ஓடிப்போவது வேறு அல்லவா? வளையைத் தேடி அடைக்கலாம். வெயிலை என்ன செய்ய? ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டால், தேட வேண்டியதைத் தேடாமல் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால் நான் முன்வைப்பது 'கிடப்புக் குடிப்பு'. வண்டி கிடப்பில் இருக்கும்போது குடிக்கும் மின்சாரம். 'குடிக்குது' ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே புழங்குகிற சொல், நாம் புதிதாகப் புகுத்தவில்லை. 'கிடப்பு' இன்னொரு வேலையும் செய்கிறது: எப்போது அளக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. எஞ்சினுக்கான பேட்டரியில் மீட்டரைக் கோர்த்த உடனே பார்த்தால் ஆம்பியர் கணக்கில்கூடக் காட்டும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் அடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அவை அடங்கிய பிறகுதான் வண்டி கிடப்பில் இருக்கிறது. அதற்கு முன் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு ஃபியூஸைப் பிடுங்குவது வீண் வேலை.

தானாக இறங்குவதற்குத் 'தன்னிறக்கம்' போதும் என நினைக்கிறேன். 'பேட்டரி இறங்கிடுச்சு' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். 'குடிப்பு' மதுவை நினைவூட்டுகிறது என்று யாருக்காவது தோன்றினால் 'கிடப்பு மின்குடிப்பு' என்று நீட்டிக்கொள்ளவும் எனக்குச் சம்மதமே.