பள்ளிக் கட்டடமும் வாழைநார் மெஷினும்: ஒரே மனுவா குடுக்கலாமா?

பச்சையாறு:
களக்காடு பக்கம் சின்ன ஊராட்சி. ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு ஒரு வகுப்பறையும் கழிப்பறையும் வேணும். மேஸ்திரி கணக்கு 12 லட்சம். பழைய மாணவர்கள் 4 லட்சம் திரட்டியாச்சு. பள்ளி வளாகத்துல பழைய சத்துணவுக் கூடம் சும்மா கிடக்கு. அதுல மகளிர் குழுவுக்கு வாழைநார் மெஷின் போடலாம்னு தலைவர் சொல்றார். எல்லாத்தையும், மக்கள் ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடுற நமக்கு நாமே திட்டத்துல ஒரே மனுவா குடுக்கலாமா? கம்பெனிங்க சமூகப் பணிக்கு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் கிடைக்குமா?

ஓவர்சியர்_சேரை:
ரெண்டையும் பிரிச்சிருங்க அண்ணாச்சி. ஒண்ணுல ஆட்சேபணை வந்தா மத்ததும் சேர்ந்து நிக்கும்.

நமக்கு நாமேல மக்கள் பங்கு குறைஞ்சது மூணுல ஒரு பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புன்னா அஞ்சுல ஒண்ணு. ஆனா அந்தப் பங்கை மேஸ்திரி கணக்குல போட மாட்டாங்க. ஒன்றியப் பொறியாளர் அரசு விலைப்பட்டியல்படி எஸ்டிமேட் போடுவார், ஜிஎஸ்டியும் ஏறும். 12 லட்சம் 15 ஆனா உங்க பங்கு 5 லட்சம். மனு குடுத்த பிறகு 1 லட்சத்துக்கு அலையிறதுதான் வழக்கமா நடக்குது. அதனால முதல்ல எஸ்டிமேட், அப்புறம் வசூல். பணத்தை வரைவோலையாவே கட்டுங்க, யார் கையிலயும் ரொக்கமா வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் ஒண்ணு, கிராமசபைத் தீர்மானம் ஒண்ணு, ரெண்டும் வேணும். தலைவரோட வாய்வார்த்தை அவர் பதவிக்காலம் மட்டும்தான். மினிட் புக்ல ஏறினது அடுத்த தலைவர் வந்தாலும் இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துல ஆறு கிராமசபை. ஒண்ணை விட்டா கோப்பு அடுத்ததுக்குத் தள்ளிப்போகும்.

பழைய கூடத்தை, கட்டடம் உறுதியா இருக்குன்னு பொறியாளர் சான்று இல்லாம தொடாதீங்க. 2021 டிசம்பர்ல நெல்லையில பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பையன்கள் இறந்ததை மறக்க முடியுமா?

ஏத்தன்குலை:
பள்ளி வளாகத்துல நார் மெஷின் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், தண்டுச்சாறு பட்ட இடமெல்லாம் கறை. ஊராட்சிக்குச் சொந்தமான வேற கட்டடம், தோட்டத்துக்குப் பக்கமா, மும்முனை மின்சாரம் வர்ற இடமா பாருங்க.

கணக்கும் தெரிஞ்சுக்கோங்க: 100 கிலோ தண்டுல காய்ஞ்ச நார் ஏறக்குறைய 1 கிலோதான். மிச்சம் அத்தனையும் கழிவு. மண்புழு உரக்குழியை மெஷினோட சேர்த்தே திட்டமிடலைன்னா ஒரு மாசத்துல ஊரே நாத்தம்னு சண்டைக்கு வரும். வாழைத்தார் வெட்டின மறுநாளே தண்டு வந்துரணும், வாடினா நார் நிறம் மங்கிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில காயப்போட இடம் கிடையாது. ஈரத்தோட கட்டி வச்சா பூஞ்சை பிடிக்கும், வாங்குறவன் திருப்பி விட்ருவான். அதனால தகரக்கூரைப் பந்தல் செலவையும் சேருங்க.

மெஷினுக்கு மகளிர் திட்டம் வழியா, ஊராட்சியில உள்ள மகளிர் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்புல கடன் கேளுங்க. வாங்குற ஆளை முதல்ல பிடிங்க. இங்க பல மெஷின் துருப்பிடிக்கிறது வாங்குற ஆள் இல்லாததாலதான்.

வள்ளியூர்_கணக்கர்:
சிஎஸ்ஆர் பத்தி. உங்க மாணவர் சங்கம் பதிவாகியிருக்கா? சங்கத்து பேர்ல பணம் வாங்க வருமான வரிச் சலுகைக்கான பதிவு (12ஏ, 80ஜின்னு சொல்றது), மூணு வருஷச் செயல்பாடு, கம்பெனி விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு எல்லாம் இருக்கணும். புதுச் சங்கத்துக்கு இப்போதைக்கு நடக்காது. பள்ளிக்குன்னா, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுற ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம் வழியா கேக்கலாம். தலைமையாசிரியர் தேவையை அந்தத் திட்டத்தோட இணையதளத்துல பதிவு பண்ணணும். கம்பெனி தான் தொழில் நடத்துற பகுதிக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டமே சொல்லுது, அதனால பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாலை வச்சிருக்கிற கம்பெனிகளை முதல்ல அணுகுங்க. கட்டடத்தைவிட மேசை, கழிப்பறை, நூலகம்னு சின்னதா கேட்டா சீக்கிரம் ஆகும்.

பச்சையாறு:
சரி, மெஷின் தனி. கழிப்பறையை மட்டும் கம்பெனிகிட்ட கேட்டுட்டு, வகுப்பறைக்கு 4 லட்சத்தை வச்சு எஸ்டிமேட் போடச் சொல்லலாமா?

ஓவர்சியர்_சேரை:
போடலாம். ஒரே வேலைக்கு ரெண்டு பக்கமும் பணம் வாங்கினா தணிக்கையில மாட்டும், அதனால மனுவுலயே எது எந்தப் பணம்னு எழுதிருங்க. கழிப்பறைக்குத் தண்ணி எந்தத் தொட்டியில இருந்து, மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுறாங்கன்னும் அதே தீர்மானத்துல போட்டுருங்க.