முன்சக்கரம் போச்சு, இப்ப சீட்டும் போச்சு. சைக்கிளை எப்படிப் பூட்டணும்?

பண்பொழி தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பண்பொழி. கேரளாவுல புனலூர்ல ஒரு துணிக்கடையில பிளவுஸ் தைக்கேன். காலையில சைக்கிள்ல செங்கோட்டை வந்து, ரோட்டோரமா ஒரு வேலிப் பக்கம் நிறுத்திட்டு பஸ் ஏறுவேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியா போயிட்டுத் திரும்பி வர ராத்திரி எட்டு மணி ஆயிரும். அதுவரைக்கும் சைக்கிள் தனியாத்தான் நிக்கும்.

மகன் பத்தாவது படிக்கும்போது 11,500 ரூபாய்க்கு வாங்கின கியர் சைக்கிள் அது. அவன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனப்புறம் நான் எடுத்துக்கிட்டேன்.

வைகாசி கடைசியில முன்சக்கரத்தைக் கொண்டுபோயிட்டாங்க. பின்சக்கரத்தையும் வேலிக் கம்பியையும் சேர்த்து ஒயர் பூட்டு போட்டிருந்தேன். அது போட்டபடியே இருந்துச்சு. முன்னால ஃபோர்க் மட்டும் மண்ணுல குத்திக்கிட்டு நின்னுச்சு. அந்தச் சக்கரத்துல ஒரு நெம்பு இருக்கு, அதைத் திருப்பினா ஸ்பேனர் இல்லாமலே சக்கரம் கையோட வந்துரும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. புதுச் சக்கரம், டயர், டியூப் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆச்சு.

போன செவ்வாய்க்கிழமை சீட்டைக் குழாயோட உருவிட்டாங்க. நல்ல சாரல். அந்த நேரத்துல ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் குடுக்க மனசு வரல. பண்பொழி வரைக்கும் நின்னுக்கிட்டே மிதிச்சேன், மேட்டுல இறங்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் முழங்கால் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு.

பூட்டு மாத்தினாப் போதுமா? சீட்டையும் சக்கரத்தையும் எப்படிக் காப்பாத்தறது? போலீஸ்ல சொன்னா கேப்பாங்களா? பஸ் பிடிக்கிற அவசரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பூட்டிக்கிட்டு நிக்க முடியாது, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

மேக்கரை:

அக்கா, படிக்கவே வருத்தமா இருக்கு. என் தங்கச்சிக்குப் பிளஸ் ஒன்ல அரசு குடுத்த சைக்கிள் ரெண்டு வருஷமா பஸ் ஸ்டாப்லதான் நிக்குது, யாரும் தொட்டதில்ல. அதுல எல்லாமே நட்டு, ஸ்பேனர் இல்லாம ஒண்ணும் கழறாது. உங்க சைக்கிள்ல சீட்டைக் கழட்டி பையில போட்டுட்டுப் போயிருங்க, அதுதான் சுலபம்.

பண்பொழி தையல்காரி:

தம்பி, சாப்பாட்டுப் பை, குடை, தைக்கிற துணிப் பை, இதோட சீட்டையும் தூக்கிக்கிட்டு நெரிசல்ல ஏற முடியல. ஒரு நாள் செஞ்சு பாத்தேன். குழாயில இருந்த கிரீஸ் கஸ்டமர் துணியில ஒட்டிருச்சு.

பழைய சக்கரம்:

தங்கச்சி, கடையநல்லூர்ல 34 வருஷம் சைக்கிள் கடை வச்சிருந்தேன். இப்ப மகன் அதை பைக் ஒர்க்‌ஷாப் ஆக்கிட்டான். நான் ஒரு மூலையில உக்காந்து சைக்கிள் மட்டும் பாக்கேன். கொஞ்சம் நீளமாச் சொல்லுதேன், பொறுமையாப் படிங்க.

பூட்டு வாங்குறதுக்கு முந்தி வண்டியச் சுத்தி வந்து, வெறுங்கையால கழட்டக்கூடியது எதெதுன்னு பாருங்க. முன்சக்கரம், சீட்டு, சில வண்டியில பின்சக்கரமும். கடையில அதை வசதின்னு சொல்லி விக்காங்க. வீட்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கு அது வசதிதான். ரோட்டுல பகல் முழுக்க நிக்கிற வண்டிக்கு ஆகாது. மேக்கரைத் தம்பி சொன்ன அரசு சைக்கிள் தப்பிச்சது அந்த நட்டாலதான்.

நெம்பு வச்ச சக்கரத்துல அச்சு உள்ள ஓட்டையா இருக்கும், அதுக்குள்ள ஒரு நீளக் கம்பி ஓடும். கம்பிய மட்டும் உருவிட்டு, எல் கீ, அதான் எல் எழுத்து மாதிரி வளைஞ்ச ஆறு பட்டைச் சாவி, போட்டுத் திருக்கிற கம்பி மாத்தலாம். அது கிடைக்கலைன்னா ஓட்டை அச்சை எடுத்துட்டுக் கெட்டி அச்சும் ரெண்டு நட்டும் போடுங்க. நான் கெட்டி அச்சுதான் போடச் சொல்லுவேன். வழியில பஞ்சர் ஆனா எந்தக் கடையிலயும் ஸ்பேனர் இருக்கும். எல் கீய நீங்க மறந்துட்டு வந்துட்டா வழியில உக்காந்து அழணும்.

சீட்டுக்கும் நெம்பை எடுத்துட்டு 5 மி.மீ. எல் கீ போல்ட் போடுங்க. எல் கீ எவன் பையிலயும் இருக்குமேன்னு கேப்பீங்க. முன்சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புல போடுற 3/16 இஞ்ச் பால்ரஸ் குண்டு ஒண்ணு வாங்குங்க. அளவு 4.76 மி.மீ., போல்ட் தலையில எல் கீ நுழையுற குழிக்குள்ள கச்சிதமா உக்காரும். சீட்டு உயரத்த சரி பாத்து இறுக்கிட்டு, குழிக்குள்ள மெழுகுவர்த்திய ரெண்டு சொட்டு விட்டு குண்டை வச்சு லேசாத் தட்டுங்க. இனி எல் கீ உள்ள போகாது. உங்களுக்கு வேணும்னா ஊசியால மெழுகக் கெண்டி எடுத்துரலாம். ஃபெவிகுவிக் போட்டா இன்னும் கெட்டி, ஆனா எடுக்க அசிட்டோன் வேணும். முன்சக்கரத்துக்கு இந்த வேலையப் பண்ணாதீங்க, பஞ்சர் பாக்க முடியாமப் போயிரும்.

அப்புறம் சீட்டுக்கு அடியில ரெண்டு கம்பி ஓடுதுல்லா, அதையும் ஃபிரேமையும் சேர்த்துப் பழைய சைக்கிள் செயின் துண்டால கட்டிருங்க. செயினைப் பழைய டியூப்புக்குள்ள நுழைச்சிட்டு மாட்டினா பெயிண்ட் உரியாது. மூட்டுற பின்னைக் கடைக்காரர்ட்ட அழுத்தச் சொல்லுங்க. ஒன்றரை ஜாண் செயின் போதும், எந்தக் கடையிலயும் குப்பையில கிடக்கும். என் கடையில இருந்து எத்தனையோ பேருக்கு இதைப் போட்டு அனுப்பியிருக்கேன்.

இப்ப பூட்டு. ஒயர் பூட்டு மேல பிளாஸ்டிக் தடிமனாத் தெரியும், உள்ள மெல்லிசுக் கம்பிதான், நல்ல கட்டர் சட்டுனு வெட்டிரும். யு எழுத்து மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்புப் பூட்டு, யு லாக், வாங்குங்க. வண்டிக்குப் பின்னால ஃபிரேம் முக்கோணமா வருதுல்லா, அந்த முக்கோணத்துக்குள்ள இருக்கிற ரிம் பகுதியையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டுங்க. ரிம் அந்த முக்கோணத்த விட்டு வெளிய வராது, ஃபிரேமும் சக்கரமும் ஒரே பூட்டுல மாட்டிக்கிடும். அமெரிக்காவுல ஷெல்டன் பிரவுன்னு ஒரு மெக்கானிக், 2008-ல இறந்துட்டார், அவர் எழுதி வச்ச முறை இது. மகன் ஃபோன்ல காட்டினான். எனக்கு முந்தியே தெரியலையேன்னு இருந்துச்சு. முன்சக்கரத்துக்கு அதே யு லாக்ல உங்க பழைய ஒயரைக் கோத்துக்கிடுங்க.

பூட்டு சின்னதா இருக்கணும். உள்ள இடம் நிறைய இருந்தா கம்பிய விட்டு நெம்புவான். தரையத் தொடாமத் தொங்கணும், தரையில கிடந்தா சுத்தியலால அடிக்க வாகா இருக்கும். சாவி குழல் மாதிரி உருண்டையா இருக்கிற பூட்டு வாங்காதீங்க. 2004-ல கிரிப்டோனைட்ங்கற பெரிய கம்பெனியோட பூட்டையே பால்பாயிண்ட் பேனாக் குழாயால திறந்து காட்டிட்டாங்க, கம்பெனி மாத்திக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

வேலிய விட்ருங்க தங்கச்சி. வேலிக் கம்பிய வெட்டுறது பூட்ட வெட்டுறதை விடச் சுலபம். சிமெண்டுல ஊன்டின இரும்புக் கம்பமா, வண்டியத் தூக்கி மேல வழியா எடுக்க முடியாத உயரமாப் பாருங்க. பூட்டுறதுக்கு முந்தி கம்பத்த ஒரு தடவ ஆட்டிப் பாருங்க.

நம்ம ஊர்ச் சாரலுக்குச் சாவி ஓட்டை கீழ பாத்து இருக்கணும். உள்ள தேங்காயெண்ணெய் விட்ராதீங்க, தூசி சேர்ந்து சிக்கிக்கிடும். பென்சில் கரியச் சுரண்டிப் போடுங்க.

புனலூர்வாசி:

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போலீஸ் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், சகோதரி.

2024 ஜூலை 1 முதல் திருட்டுக்குப் பொருந்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் போலீஸ் தானாக விசாரணை தொடங்க முடியாத வகையில் அது போய்ச் சேரலாம். சக்கரத்துக்கும் சீட்டுக்கும் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கையில் கிடைக்கும். அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அது பேசும். முழு சைக்கிளும் போனால் கதை வேறு. அப்போது மதிப்பைக் காட்ட உங்கள் 11,500 ரூபாய் பில் வேண்டும்.

எல்லையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தால், அது எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பாராமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது. சைக்கிள் செங்கோட்டையில் போய், புனலூரில் இருக்கும்போது உங்களுக்குத் தெரியவந்தாலும் இங்கேயே சொல்லலாம்.

ஃபிரேம் நம்பரை இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்தால் பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் பெரும்பாலும் இருக்கும். பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பாலித்தீனில் சுருட்டி சீட் குழாய்க்குள் போட்டு வையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். கழற்றிய சீட் எல்லை தாண்டிவிட்டால் இங்கே ஆக்ரிக்கடைக்குத்தான் வரும், நம் ஊர்ப் பழைய இரும்புக்கடைதான் அது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும் ஆளுக்கு வாசிக்கத் தெரிய வேண்டுமே.

பண்பொழி தையல்காரி:

அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை எல்லா வேலையும் முடிச்சாச்சு. முன்சக்கரத்துக்குக் கெட்டி அச்சு, சீட்டுக்குப் பால்ரஸ் குண்டு, செயின் துண்டு. யு லாக்கோட சேர்த்து 1,150 ரூபாய் ஆச்சு. ஒரு சக்கரம் வாங்கின காசை விடக் கம்மி. செயினைக் கடைக்காரர் சும்மாவே குடுத்தார். டியூப்பை நானே அளவெடுத்து வெட்டி ஓரத்தைத் தைச்சிட்டேன். ஃபிரேம் நம்பர் மகன் ஃபோன்லயும் இருக்கு. புனலூர் அண்ணன் சொன்ன துண்டுக் காகிதத்துக்கு எங்க கடை சேச்சிதான் மலையாளத்துல எழுதிக் குடுத்தாங்க.

நாலு நாளா வேலிய விட்டுட்டு, எதுத்தாப்ல இருக்கிற கம்பத்துல பூட்டுதேன். முதல் நாள் பூட்ட அஞ்சு நிமிஷம் ஆகி பஸ்ஸை விட்டுட்டேன். இப்ப ஒரு நிமிஷத்துல முடியுது. ஒரே ஒரு தொந்தரவு, மேடுபள்ளத்துல செயின் ஃபிரேம்ல தட்டி லொடலொடங்குது.

பழைய சக்கரம்:

செயின் நீளமா இருக்கு. ரெண்டு கண்ணி குறைக்கச் சொல்லுங்க, சத்தம் நின்னுரும்.