தொப்புள்கொடி இரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா?

கொங்கு_அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு இது ஏழாம் மாசம். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டுகிறோம். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் ஒரு நிறுவனத்து ஆள் ஃபைலோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார். தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து உறைய வைத்தால் பிள்ளைக்குப் பின்னாளில் எந்த நோய் வந்தாலும் சரிசெய்யலாமாம். அறுபதாயிரத்துக்கு மேல் சொல்கிறார், தவணையும் உண்டு. அம்மாவோ, "அந்தக் காலத்திலேயே கொடியைத் தாயத்தில் போட்டு இடுப்பில் கட்டினோமே, அதுவும் இதுதானே?" என்கிறார். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் வருகிறது.

அந்தப் பணத்தைக் கட்ட எனக்கு மனமில்லை. ஆனால் எப்படியும் தூக்கிப் போடுகிற இரத்தம், மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவும் என்றால் கொடுக்க ஆசை. முடியுமா? பிள்ளைக்கோ தாய்க்கோ இதனால் கெடுதல் உண்டா?

மலர்_லேப்:
தம்பி, சென்னையில் இந்த இரத்தத்தைப் பதப்படுத்தி உறைய வைக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தாயத்து. அதில் போவது காய்ந்து விழுந்த கொடித் துண்டு. அதில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. நம்பிக்கைக்காகக் கட்டுவது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கொடி இரத்தத்திலுள்ள ஸ்டெம் செல், அதாவது புது இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல், பிழைத்திருக்க என்ன பாடுபட வேண்டும் என்று பாருங்கள். இரத்தப் பை வந்ததும் எடை போடுவோம், செல்களை எண்ணுவோம். தாயின் இரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் இருக்கிறதா என்று சோதனை நடக்கும். சிவப்பணுக்களைப் படிய வைத்து நீக்கி, மிஞ்சுவதைச் சுமார் 20 மில்லிக்குக் கொண்டுவருவோம். அதை ஐஸ் மேல் வைத்து டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தை மெல்ல மெல்லக் கலக்க வேண்டும். இது இல்லாவிட்டால் உள்ளே பனிப் படிகம் உண்டாகிச் செல்லைக் கிழித்துவிடும். (கலக்கும் அறையில் பூண்டு வாடை அடிக்கும், கையை எத்தனை தடவை கழுவினாலும் போகாது.) பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி கணக்கில் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டியில் இறக்குவோம். அங்கே பல்லாண்டு கிடக்கும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹால் பிராக்ஸ்மேயர் குழு, 23 வருடத்துக்கு மேல் உறைந்திருந்த பைகளை உருக்கிப் பார்த்து, செல்கள் வேலை செய்யும் நிலையில் இருந்ததைக் காட்டியது.

இனி அந்த ஆள் சொல்வது. பிள்ளைக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்றால் அதே கோளாறு அதன் கொடி இரத்தத்திலும் இருக்கும். குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோயிலும், அதற்கு வித்திடும் மரபணு மாற்றம் பிறக்கும்போதே இருப்பதைப் பல பிள்ளைகளிடம் கண்டிருக்கிறார்கள். அதனால் சொந்த இரத்தம் சொந்தப் பிள்ளைக்குப் பயன்படும் வாய்ப்பு மிகச் சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் சொந்தத்துக்காகச் சேமிப்பதை ஆதரிக்கவில்லை. மூத்த பிள்ளைக்கு இந்தச் செல்லால் குணமாகக்கூடிய நோய் இருந்து, தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால் மட்டும் கதை வேறு. 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற டாக்டர் கொடி இரத்தத்தால் செய்த முதல் சிகிச்சையே அப்படித்தான்: ஃபேன்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு, அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் கொடி இரத்தம்.

நீங்கள் கேட்ட ஆராய்ச்சி பற்றி. கொடுக்கலாம், நல்ல எண்ணமும்கூட. இந்த இரத்தத்தின் பெரிய குறை அளவுதான். பெரியவர் ஒருவரின் உடம்புக்கு ஒரு பையிலுள்ள செல்கள் பெரும்பாலும் போதாது. அதைச் சோதனைக்கூடத்தில் பெருக்க முடியுமா என்று உலகெங்கும் வருடக்கணக்கில் உழைத்தார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்த ஓமிடுபிசெல் என்ற செல் சிகிச்சை அந்த உழைப்பில் வந்தது. இதற்கெல்லாம் யாரோ ஒரு தாய் கொடுத்த இரத்தம்தான் மூலம்.

ஆனால் வலி வந்த பிறகு கையெழுத்து வாங்கும் வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். முறையான ஆய்வு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவும் அனுமதித்திருக்க வேண்டும். உங்கள் மனைவிக்குத் தமிழில் விளக்கி, பிரசவத்துக்கு முன்பே சம்மதம் வாங்க வேண்டும். பைசா கேட்கக் கூடாது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகளில் விசாரிப்பதுதான் முதல் வழி.

பிரசவ_வார்டு_சிஸ்டர்:
மலர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எடுப்பதில் வலி கிடையாது. கொடியைக் கிளிப் போட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் இருக்கும் இரத்தக் குழாயில் ஊசி குத்திப் பையைத் தாழ்வாகப் பிடித்தால் தானே இறங்கும். சிசேரியனிலும் எடுக்கலாம்.

கவலை எப்போது கிளிப் போடுகிறார்கள் என்பதில்தான். ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் பிள்ளைக்குள் போகும் இரத்தம் அதன் முதல் மாதங்களுக்கான இரும்புச்சத்து. பை நிறைய வேண்டும் என்று சீக்கிரம் வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். பிள்ளைக்குப் போனது போக மிச்சம் போதும் என்று டாக்டரிடம் இப்போதே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கொங்கு_அப்பா:
ரொம்ப நன்றி அக்கா, சிஸ்டர். இன்று டாக்டரிடம் கேட்டேன். அவர்கள் மருத்துவமனையில் அப்படி ஆய்வு எதுவும் நடக்கவில்லையாம். அந்த நிறுவனத்து ஆளோ, "எங்கள் படிவத்திலேயே ஆராய்ச்சிக்கும் சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக் பண்ணினால் போதும்" என்கிறார். கொடியின் திசுவையும் சேர்த்துச் சேமித்தால் தள்ளுபடியாம். மிச்ச இரத்தம் குறைவாக இருந்தால் ஆராய்ச்சிக்கு ஆகுமா?

மலர்_லேப்:
ஆகும். நோயாளிக்கு ஏற்றும் பைக்குத்தான் செல் எண்ணிக்கை நிறைய வேண்டும். ஆய்வுக்கு 30, 40 மில்லிகூடப் பயன்படும். யாருக்கும் பயன்படும்படி தானமாக வாங்கும் பல பொதுக் கொடி இரத்த வங்கிகளில், அளவு குறைந்ததால் சேமிக்க முடியாத பைகள்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. அதனால் பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தருவதில் முரண்பாடே இல்லை.

அந்தக் கட்டத்தை டிக் பண்ணாதீர்கள். எந்த ஆய்வு, யார் செய்கிறார்கள், எந்தக் குழு அனுமதித்தது, பிள்ளையின் மரபணு விவரம் யார் கையில் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். திசு பற்றி: சேமிக்க உரிமம் தரப்படுவது கொடி இரத்தத்துக்கு மட்டும்தான் என்று அதே 2017 வழிகாட்டுதலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோவை, சேலம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் மகப்பேறு துறையிலோ நோயியல் துறையிலோ நேரில் கேட்டுப் பாருங்கள். எங்கும் அமையாவிட்டால் சிஸ்டர் சொன்னபடி கிளிப்பை மட்டும் பொறுத்துப் போடச் சொல்லுங்கள், இரத்தம் பிள்ளைக்கே போகட்டும்.