நெல் தரமாக இருந்தும் கழிவு போடுகிறார்கள், எப்படிக் கேட்பது?

வரப்போரம்: இந்த முறை நெல்லை நன்றாகக் காயவைத்து, தூற்றி, பதர் இல்லாமல்தான் கொண்டுபோனேன். வியாபாரி முதல் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினார், இரண்டு நெல்லைக் கடித்துப் பார்த்தார், மிச்சத்தை ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டு 17 சதவீதம் என்றார். மொத்த லோடுக்கும் எடையில் கழிவு பிடித்துவிட்டார். பக்கத்தில் ஈரநெல்லோடு வந்தவருக்கும் ஏறக்குறைய அதே விலைதான். மனசு விட்டுப்போச்சு. தரத்துக்கேற்ற விலையைக் கேட்டு வாங்க வழி உண்டா?

களத்துமேடு: ஒரு கைப்பிடி நெல்லை மொத்த லோடுக்கும் மாதிரியாக (சாம்பிளாக) எடுத்துக்கொள்ள முடியாது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குழாயைக் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து மூன்று பங்காக்குங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவதை இருவரும் கையெழுத்துப் போட்டு ஒட்டி வையுங்கள், தகராறு வந்தால் வேறு இடத்தில் பார்க்கலாம். கைமெஷின்கள் பெரும்பாலும் தானியத்தின் மின் தன்மையை வைத்துத்தான் ஈரத்தைக் கணக்கிடுகின்றன, அதனால் வெயிலில் சூடேறிய நெல்லை அப்படியே போட்டாலும், வேறு தானியத்துக்கான செட்டிங்கில் போட்டாலும் எண் மாறிவிடும். மூன்று தடவை போடச் சொல்லிச் சராசரி கேளுங்கள்.

படிக்கணக்கு: கழிவையும் நீங்களே கணக்குப் போடுங்கள். 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் ஈரம் போக 83 கிலோ. வாங்குபவர் 14 சதவீதம் கேட்கிறார் என்றால், அதையே 14 சதவீதத்துக்குக் காயவைத்த எடைக்கு 83-ஐ 0.86-ஆல் வகுக்க வேண்டும், 96.5 கிலோ வரும். ஆக எடைக் கழிவு மூன்றரை கிலோ, உலர்த்தும் கூலி தனி. அதற்கு மேல் பிடித்தால் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்காக 12 வரை காயவைக்காதீர்கள், 14 போதும் என்கிற இடத்தில் 100 கிலோவுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை போய்விடும், கடும் வெயிலில் வேகமாகக் காய்ந்தால் அரிசியில் விரிசல் விழுந்து அரைக்கும்போது நொய்யும் கூடும்.

தூற்றுமுறம்: கணக்கெல்லாம் சரிதான், ஆனால் லோடு வாசலில் நிற்கும்போது யார் பேரம் பேச முடியும்? திருப்பிக் கொண்டுபோகும் வண்டிச் செலவு அவருக்கும் தெரியும். ஏற்றுவதற்கு முன்பே மாதிரியை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் கொண்டுபோய் விலை கேளுங்கள். அதே ரகம் போட்டவர்கள் சேர்ந்து ஒரு லாரி நெல் சேர்த்தால், முழு அரிசி எவ்வளவு தேறும் என்று பார்த்து விலை போடும் மில்லுக்கு நேராகவே போகலாம். மெஷின் இல்லையா? காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல், அதோடு இரண்டு மூன்று ஸ்பூன் காய்ந்த உப்பு போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல்.

வரப்போரம்: வீட்டில் மீதியுள்ள மூட்டைகளில் உப்பு போட்டுப் பார்த்துவிட்டேன். மேட்டு வயல் நெல்லில் ஒட்டவே இல்லை, பள்ளத்து வயல் நெல்லில் கட்டியாக ஒட்டிக்கொண்டது. போன முறை வண்டியில் முன்னால் இருந்ததும் பள்ளத்து மூட்டைதான், அவர் பிரித்தது அதைத்தான். இப்போது இரண்டையும் தனித்தனியாகக் கட்டியாச்சு. நாளைக்கு மாதிரியோடு இரண்டு மில்லுக்குப் போகிறேன்.