அட்டவணை, வரைபு வினாக்களைக் கணிப்பான் இல்லாமல் விரைவாகச் செய்வது எப்படி?

கேள்வி (அக்கரைப்பற்று)
போட்டிப் பரீட்சை ஒன்றுக்குப் படித்து வருகிறேன். அட்டவணையையும் வட்ட வரைபையும் விளங்கிக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் நீண்ட வகுத்தலைத் தாளின் ஓரத்தில் செய்து முடிப்பதற்குள் அடுத்த வினாக்களுக்குரிய நேரம் போய்விடுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாணத்தின் 1,555,510 பேரில் மட்டக்களப்பு மாவட்டத்தில் வசித்த 526,567 பேர் எத்தனை சதவீதம் என்ற ஒரேயொரு பயிற்சி வினாவுக்கு நேற்று நான்கு நிமிடம் சென்றது. தரப்பட்ட விடைகள் 29, 34, 39, 44. அனுபவமுள்ளவர்கள் வழி கூறுங்கள்.

பதில் (களுவாஞ்சிகுடி)
தம்பி, கணக்கைத் தொடங்கும் முன்பே விடைகளைப் பார்த்திருக்க வேண்டும். அவற்றுக்கிடையே ஐந்தைந்து வித்தியாசம் இருக்கும்போது எல்லா இலக்கங்களையும் சுமக்கத் தேவையில்லை. 1,555இல் 527 என்று எடுத்தால் போதும். 1,555இன் மூன்றிலொன்று ஏறத்தாழ 518, அதாவது 33.3 சதவீதம், 1 சதவீதம் 15.5 என்பதால், மிஞ்சும் 9 அரைச் சதவீதத்தைவிடச் சற்றே கூடியது. விடை 34.

இந்த முறை கைவர, பின்னங்களின் சதவீதப் பெறுமானங்களை வாய்ப்பாடு போல மனனம் செய்யுங்கள்: 1/6 என்பது 16.67, 1/7 என்பது 14.29, 1/8 என்பது 12.5, 1/9 என்பது 11.11, 1/11 என்பது 9.09. நான் படித்த காலத்தில் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். வட்ட வரைபில் 3.6 பாகை 1 சதவீதம் என்பதால், 54 பாகையைக் கண்டதும் 15 சதவீதம் என்று மனம் சொல்ல வேண்டும்.

பதில் (மட்டக்களப்பு நகர்)
மேலே ஐயா கூறியது சரி. எனினும் விடைகள் நெருக்கமாக இருக்கும்போது கிட்டிய பெறுமானம் காலை வாரிவிடும். 37/52, 43/61 ஆகியவற்றில் பெரியது எது என்று கேட்டால், வகுக்காமல் இரண்டுக்கும் இடையிலான கூடுதலை மட்டும் பாருங்கள். தொகுதி 6ஆலும் பகுதி 9ஆலும் கூடியிருக்கின்றன. 6/9 என்பது 0.67, அது 37/52ஐ விடக் குறைவு, ஆகவே 43/61 சிறியது.

பெரும்போக விளைச்சல் 1,840 தொன்னிலிருந்து 2,116 தொன்னாகியது என்று ஒரு வினா வந்தால், வித்தியாசம் 276ஐ 184, 92 என்று பிரித்துப் பாருங்கள்: பத்துச் சதவீதமும் அதன் பாதியும், ஆக 15. ஒரு பங்கு 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமானால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25 சதவீத அதிகரிப்பு. இந்த இரண்டையும் குழப்பி நான் புள்ளிகளை இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. அம்பாறையின் 649,402 பேரை அதே முறையில் செய்தேன்: 40 சதவீதம் 622, மிஞ்சிய 27 இன்னும் 1.7, ஆக 41.7. மாகாணத்தின் மூன்றாவது மாவட்டமான திருகோணமலைக்கு வகுக்கவே இல்லை. மட்டக்களப்பின் 33.9ஐயும் அம்பாறையின் 41.7ஐயும் 100இலிருந்து கழித்து 24.4 பெற்றேன். சராசரிக்கும் இப்படி ஒரு வழி உண்டா?

பதில் (களுவாஞ்சிகுடி)
உண்டு. 482, 495, 507, 516, 520 என்றால் 500ஐ நடுவாக வைத்து, −18, −5, +7, +16, +20 ஆகியவற்றைக் கூட்டுங்கள். 20 வரும், அதை ஐந்தால் வகுக்க 4, ஆகவே சராசரி 504.